சுவருக்குள் பாதிக் கழுதை

கழுதை இன்னும் சுவருக்குள் சரியாக மாட்டிக்கொள்ளவில்லை.

அவள் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது பக்கம் டப்பா டி.வி.யில் இருபத்து மூன்று வருடப் பழைய வீடியோ கேம். வலது பக்கம் அதே கேம், புதுக் கன்சோலில், பளபளவென்று. முதலில் தயாரித்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உரிமையை வாங்கிய அவளுடைய கம்பெனி மறுபடியும் வெளியிடுகிறது.

பழையதில் மூன்றாம் கட்டத்தில் ஒரு கழுதை நடந்து வந்து, கோட்டைச் சுவருக்குள் பாதி உடம்பு புகுந்து, அப்படியே மாட்டிக்கொண்டு பின்னங்காலை உதைக்கும்.

அந்தக் காலத்து மெஷின் மந்தம். எதிரே சுவர் இருக்கிறது என்று கழுதைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் அது பாதி உள்ளே போயிருக்கும்.

சுத்தமான தப்பு. ஆனால் கேமின் கதாநாயகன் பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. கழுதையை மறந்தவர் யாருமில்லை.

புதுப் பதிப்பில் அந்தத் தப்பைத் திருத்தியவர் சீனியர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனாலும் தலையில் முடி இல்லாததால் ஆபீசில் எல்லோருக்கும் அவர் சீனியர். யாரும் சொல்லாமலே, சேர்ந்த முதல் நாளே கழுதையை வெளியே இழுத்துவிட்டார்.

முன்னோட்டம் வெளியான மறுநாள் நாற்பதாயிரம் பேர் கொதித்தெழுந்தார்கள். எங்கள் கழுதையை என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். ஒருவர் தன் முதுகையே படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதில் பச்சை குத்திய சுவர், பாதிக் கழுதை.

இன்று மாலை ஐந்து மணிக்குள் கழுதை பழையபடி மாட்டாவிட்டால் வெளியீடு தள்ளிப்போகும், கூடவே சீனியரின் வேலையும் போகும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சோதித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டியது அவள்.

திருத்தியதை எடுத்துவிட்டாலும், புது மெஷினோ படு வேகம். கழுதை சுவருக்கு ஒரு முழம் முன்பாகவே மரியாதையாக நின்றுவிடுகிறது. அதைத் தப்பு செய்ய வைக்க சீனியர் ஒரு வாரமாகத் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார்.

அவளும் சளைக்காமல் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினாள். கழுதை கழுத்துவரைதான் போகிறது. கழுதை முழுசாக உள்ளே போய்விட்டது, ஆளையே காணோம். தப்பு சரியாக இல்லை.

கடைசிக் குறிப்பை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. சீனியரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

நாலே முக்காலுக்கு அவர் மூச்சு வாங்க வந்து நின்றார். அவள் பட்டனை அழுத்தினாள்.

கழுதை ஆடி அசைந்து வந்தது. இடுப்புவரை சுவருக்குள் போனது. மாட்டிக்கொண்டது. இரண்டு திரையிலுமாக நாலு பின்னங்கால்கள் ஒரே தாளத்தில் உதைத்தன.

அவளுக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

சீனியர் நகரவில்லை. வழுக்கையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"கழுதை அங்கதான் இருக்கணும்னு கம்பெனி லெட்டர்ல ஒரு வரி எழுதித் தர முடியுமாம்மா?"

"யார் பேருக்கு சார்?"

"என் மாமனாருக்கு. அன்னிக்கு பழைய கம்பெனியில இந்தக் கழுதையைப் பண்ணினவன் நான்தான். இதாலதான் என் வேலையே போச்சு. இருபத்து மூணு வருஷமா என்னைப் பார்க்கும்போதெல்லாம், 'என்ன மாப்ளே, கழுதை வெளிய வந்துருச்சா'ன்னு கேக்கறார்."