மச்சான் குதிரையின் லத்தி

உலகத்தில் எத்தனையோ திருட்டு உண்டு. குதிரை லத்தியைத் திருடிய ஆள் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

பூங்காவில் குழந்தைகளைக் குதிரைமேல் ஏற்றிச் சுற்றிவரும் தொழில் அவருக்கு. கொட்டிலில் பக்கத்துத் தடுப்பில் நிற்பது மச்சான் குதிரை, அதாவது மனைவியின் அண்ணனுடையது. அது பளபளவென்று மின்னும். இவருடையதற்கோ விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"என்ன மாப்பிள்ளை, தீனி போடுறீங்களா, இல்ல காத்தைக் குடிச்சே வாழுதா?" என்று மச்சான் நாலு பேர் எதிரில் கேட்பார். வீட்டுக்கு வந்தால் மனைவி பாடுவதும் அண்ணன் புராணம்தான்.

இந்த நேரம் பார்த்துப் பூங்காவில் புது விதி போட்டார்கள். ஒவ்வொரு குதிரையின் லத்தியையும் கால்நடை டாக்டரிடம் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். வயிற்றில் புழு இருந்தால், குணமாகும்வரை உள்ளே விட மாட்டார்கள்.

தன் குதிரை இளைத்துக் கிடப்பது புழுவால்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. குதிரைக்கு மருந்தை அப்புறம் கமுக்கமாகக் கொடுத்துக்கொள்ளலாம். இப்போது பிழைப்பு போகக்கூடாது. மச்சான் டீ குடிக்கப் போன சமயம் தடுப்புக்குள் நுழைந்து, டப்பாவில் அள்ளிக்கொண்டு போய்த் தன் குதிரையுடையது என்று கொடுத்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வயித்துல புழு மண்டிக் கிடக்கு. விட்டா குடலை அடைச்சிரும், உயிருக்கே ஆபத்து."

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் மச்சான் குதிரையின் உயிர் போகும். கடுப்பெல்லாம் மச்சான்மேல்தான், அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது?

"அது என் குதிரையோடது இல்ல டாக்டர்," என்றார் தலையைக் குனிந்தபடி. "மச்சான் குதிரையோடது. அதுக்கு முதல்ல மருந்து குடுங்க. நான் பண்ணினது தப்புதான்."

டாக்டர் சிரித்துவிட்டார்.

அதற்கு மருந்து காலையிலேயே போய்விட்டதாம். மச்சான் குதிரை வலியில் தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். மச்சான் பயந்துபோய் வேறு குதிரையின் லத்தியைத் தன் குதிரையுடையது என்று கொடுத்திருக்கிறார். அது சுத்தம் என்று முடிவு வந்தும் மனசு கேட்காமல், ஓடிவந்து உண்மையைச் சொல்லிவிட்டாராம்.

"மச்சான் குடுத்தது யாரோட குதிரை லத்தி?" என்று கேட்டார் இவர்.

"உங்களோடதுதான். ஒரு புழுகூட இல்ல. வயசாகிப் பல்லு தேஞ்சிருக்கும், அதான் இளைச்சிருக்கு. தீனியைப் பொடியா நறுக்கிப் போடுங்க, தேறிடும்."

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. ஆனாலும் ஒன்று புரியவில்லை. கொட்டிலில் அத்தனை குதிரைகள் நிற்க, இந்த நோஞ்சானுடையதை மச்சான் எடுப்பானேன்?

"நானும் அதைத்தான் கேட்டேன்," என்றார் டாக்டர். "'எங்க மாப்பிள்ளை மாதிரி குதிரையைப் பார்த்துக்கிற ஆள் இங்க யாரும் இல்ல டாக்டர், அந்த நம்பிக்கையிலதான் எடுத்தேன்'னார்."