பழைய ஆயில் சீல்

வலது பக்கத்துப் பெரிய சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிரேக் டிரம்மின் முன்னால் குந்தியபோது அதைக் கழற்ற எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மெக்கானிக் தன் பயத்தை வெளியில் சொல்லக்கூடாது. நல்லவேளை, நான் இப்போது மெக்கானிக் இல்லை.

எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக் கொட்டகையில் இந்த டிராக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் முடிந்தது. டீசல் பம்பு, ரேடியேட்டர், முன் சக்கரத்துப் பேரிங் எல்லாம் முடிந்தன. பானெட்டுக்குச் சிவப்புப் பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் பிச்சைக்காரன்.

பின்பக்கம் போக எனக்குப் பயம். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு முன்பக்கமே சுற்றி வந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் இதை வயலிலிருந்து ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ரோட்டுக்கு வந்தார். பிரேக்கை மிதித்ததும் வண்டி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். அவ்வளவுதான்.

அதற்கு நான்கு நாள் முன்னால்தான் நான் அந்த பிரேக்குக்கு லைனிங், சக்கரத்தை உரசி நிறுத்தும் பட்டை, மாற்றியிருந்தேன்.

லைனிங் புதுசு. ஆனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், வலது பக்கத்து ஆயில் சீல், பழசு. கடையில் அன்று சரக்கு வரவில்லை. இந்த ஒரு அறுவடைக்குத் தாங்கும் என்று அண்ணனிடம் சொல்லிப் பழசையே திரும்பப் போட்டேன். அந்த சீல் கசிந்தால் எண்ணெய் லைனிங்கில் இறங்கும். அந்தச் சக்கரம் பிடிக்காது, மற்றது மட்டும் பிடிக்கும். வண்டி சுழன்றுவிடும்.

இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அண்ணனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் நானேதான் என் வாயால் சொன்னேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் கை பட்ட வண்டியில் ஏறினால் திரும்பி வர டிக்கெட் கிடையாது என்று ஊரில் கேலி பேசினார்கள். எனக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். பட்டறையை மூடினேன். இப்போது ஒரு தானியக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, வந்துபோகும் லாரிகளின் நம்பரை எழுதுகிறேன்.

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது என்பதை அண்ணி சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன். அது நியாயம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன்.

இருந்தாலும் என் தப்பை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பார்த்துவிட்டால் அதோடு ஒரு வழியாக இருந்துவிடலாம். இருக்குமோ இருக்காதோ என்று கிடப்பதுதான் பல்வலி மாதிரி விடாமல் படுத்துகிறது.

டிரம் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டித் தட்டி வெளியே இழுத்தேன்.

உள்ளே காய்ந்த தூசி. விரலால் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் மாதிரி உதிர்ந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. லைனிங் நான் போட்டபடியே இருந்தது. பழைய சீல் சொட்டுக்கூடக் கசியவில்லை.

நம்பாமல் இடது பக்கத்தையும் பிரித்தேன். அதுவும் அப்படியே.

அங்கிருந்து பிரேக் கம்பியைப் பிடித்துக்கொண்டே பெடல்வரை போனேன். கம்பியும் நன்றாகத்தான் இருந்தது. பெடலைச் சுற்றி வைக்கோலும் மண்ணும் அப்பியிருந்தன. சுரண்டினேன்.

டிராக்டருக்கு பிரேக் பெடல் இரண்டு, பின் சக்கரத்துக்கு ஒன்று வீதம். வயலில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். ஒரு விரல் வேலை. போடாமல் வேகத்தில் ஒற்றைப் பெடலை மிதித்தால் வண்டி கவிழும்.

கொக்கி விலகிக் கிடந்தது. விலகிய இடத்திலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் இரண்டு போடு போட்டும் அசையவில்லை. விபத்துக்கு மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து தார்ப்பாய் போட்டு மூடியவன் நான்தான். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. ஒரு கொக்கிக்கா அண்ணா என் பட்டறையை மூடினேன் என்று வாய்விட்டே கேட்டேன். பிறகு அழுகையும் வந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அண்ணி கொட்டகைக்கு வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒரு நிமிஷம் இங்க வாங்க."

வந்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி மூச்சு விடாமல் சொன்னேன். லைனிங்கை எடுத்து நீட்டினேன். சீலைக் காட்டினேன். கடைசியில் கொக்கியைக் காட்டினேன். அவர் அதிர்ச்சியில் உட்கார்ந்துவிடுவார், தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். குனிந்து எதையும் பார்க்கவில்லை.

"தெரியும். ஆஸ்பத்திரியில நினைவு வந்ததுமே, கொக்கி போடலைன்னு சொல்லிட்டாரு. செத்துப்போன மனுஷனை எப்படித் திட்டுறது, சொல்லு? நீ கண்ணு முன்னாடி இருந்தே."

நான் எல்லார் முன்னாலும் சொன்னபோது இவரும் நின்றாரே என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

வாளியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் அங்கே நின்றார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தே சொன்னார்.

"ஆயில் சீலாலதான்னு தம்பி மனசைப் போட்டுக் குழப்பிக்குவான், முதல்ல அவன்கிட்ட போய்ச் சொல்லிடுன்னாரு."