திதிக்கு வருகிறவன்

"உங்க பையன எப்படி வளர்த்தீங்கன்னு சொல்லுங்கம்மா" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது மரகதவல்லிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். குணசீலனைப் பற்றி அவளிடம் யாரும் விசாரித்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

"நகைக்கடையில புகுந்தான்னு சொல்றீங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்ல சார். எங்க இருந்தாலும் அவங்க அப்பா திதிக்கு வந்து நிப்பான். காக்காவுக்கு அவன் கையாலதான் சோறு."

"வருஷா வருஷமா?"

"ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

வீட்டை விட்டுப் போனதிலிருந்து அவன் ஒரு திதிக்கும் வந்ததில்லை. ஆனாலும் அந்நியர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இந்த வருஷம் திதி எப்போம்மா?"

"வர்ற வியாழக்கிழமை" என்று சொன்ன பிறகுதான் அவர் எதற்காகக் கேட்டார் என்பது உறைத்தது.

வியாழனன்று மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாம்பார் வாசனை ஆளத் தூக்குதேம்மா. எங்களுக்கும் உண்டா?"

"காக்கா எடுத்த பிறகுதான் மனுஷங்களுக்கு" என்றாள்.

மொட்டைமாடியில் சோற்றை வைத்தாள். அவன் வரமாட்டானா என்று வருஷம் தவறாமல் தெருவைப் பார்த்து நின்ற இடம் அது. தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"வந்துடாதடா" என்று வாய்க்குள் முனகினாள். இறங்குவது யார் என்று பார்க்காமல் கண்களை மூடிக்கொண்டு, காக்கையைக் கூப்பிட்டாள்.