படியோர டிசம்பர் பூ

திருடி வரவில்லை.

வந்தது, ஜன்னலுக்குப் பின்னால் நின்றவளின் புருஷன்.

பூத்திருடியைக் கையும் களவுமாகப் பிடிக்க அவள் ஐந்து மணிக்கே எழுந்து காத்திருந்தாள்.

படிக்கு இரண்டு பக்கமும் டிசம்பர் பூச்செடி. மார்கழிப் பனியில் ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. அவன் பால் வாங்கும் ஒயர்கூடையைக் கீழே வைத்தான். ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டான். அவசரமே இல்லை. பழகிய கை.

நேற்றுக்கூட எதிர்வீட்டு தனபாக்கியத்தின் காதில் விழட்டும் என்று வாசலில் நின்று சாடை பேசியிருந்தாள்.

"எம் பூவைத் தொடற கை வெளங்காம போவட்டும்."

இவன் பக்கத்தில் நின்றுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கல்லுளிமங்கன்.

பூ யாருக்கு?



ஆனி மாதம் குழந்தை பிறந்தது. மூன்று நாள்தான் இருந்தது. தையல் பிரிக்காமல் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். பெற்றவளுக்கு இடத்தைக் காட்டக் கூடாதாம். எனக்கே தெரியாது, சித்தப்பாதான் கொண்டு போனார் என்று சொல்லிவிட்டான் இவன்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. வாசலாவது பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் இந்தச் செடிகளை வாங்கி வைத்தாள்.

அந்தப் பூவை எவளுக்கோ கொண்டு போகிறான்.

செருப்புகூடப் போடாமல் பின்னால் நடந்தாள். எவளாக இருந்தாலும் இன்றைக்குக் கொண்டையைப் பிடித்துவிட வேண்டும்.

பால் பூத்தைத் தாண்டினான். மில் குடியிருப்பைத் தாண்டினான். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இடது பக்கம் திரும்பினான்.

அந்தப் பக்கம் வீடே கிடையாது.

அவள் கால் நின்றுவிட்டது.

சுடுகாட்டின் கம்பிக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த ஊரில் பெண்கள் தாண்டாத கதவு. மதிலோரம் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே முறத்தளவுக்கு ஒரு மண்மேடு. வாடிய பூக்களைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தான்.

தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாக இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

படுபாவி.

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எதுவும் செய்ய முடியாமல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அது கிரீச்சிட்டது.

அவன் திரும்பினான். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து இரண்டு கையையும் விரித்துத் தடுத்தான்.

"வராத, அங்கயே நில்லு. பொம்பளைங்க உள்ள வரக் கூடாது."

வந்துவிட்டாள்.

திட்டுவாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை. மேட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"தல எந்தப் பக்கம்?"

அவன் கையை நீட்டிக் காட்டினான்.

அந்தப் பக்கம் போனாள். சம்மணம் போட்டு, மடி மண்ணைத் தொடும்படி நெருங்கி உட்கார்ந்தாள்.