சுவரில் துடித்த முட்டை

உயிரியல் ஆய்வாளர்களுக்கான பயிலரங்கம் ஒன்றில், மேசைமேல் இருந்த கண்ணாடித் தொட்டியில் ஒரு வரிமீனும் ஒரு நத்தையும் குடியிருந்தன. மீன் முந்தின நாள் இட்ட முட்டைகளில் ஒன்றை ஓர் ஆய்வாளர் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துப் போனார்.

“சாப்பாட்டுல ஒண்ணு குறைஞ்சு போச்சு,” என்று மீன் முணுமுணுத்தது. தன் முட்டைகளை அதுவே தின்றுவிடும். நத்தைக்கும் பங்கு உண்டு.

அரங்கில் ஒரே சலசலப்பு. அடுத்த மாநாடு எந்த ஊரில், யார் யார் போகிறார்கள் என்றே பேச்சு. திடீரென்று விளக்குகள் அணைந்தன. சுவரில் யானைப் பருமனுக்கு கண்ணாடி போன்ற ஓர் உருண்டை ஒளிர்ந்தது. அதற்குள் ஓர் உடல் சுருண்டிருந்தது. அதன் நெஞ்சில் ஏதோ விடாமல் துடித்தது. கூட்டம் பேச்சை மறந்தது.

“அது என்ன?” என்றது மீன், செவுளை அசைக்கவும் மறந்து.

“மைக்கில சொன்னாங்களே, உன் முட்டையைத்தான் பெருசாக்கிக் காட்டுறாங்களாம். துடிக்கிறது இதயமாம். சரி வா, எனக்குப் பசிக்குது,” என்ற நத்தை, கூழாங்கற்களிடையே கிடந்த மற்ற முட்டைகளை நோக்கி ஊர்ந்தது.

மீன் பாய்ந்து வந்து குறுக்கே நின்றது.

“கிட்ட வராதே!”

அதன் வயிறும் பசித்துக்கொண்டுதான் இருந்தது.