கீறலில்லாத கிடார்

"இது பினாங்கு மேடையில பட்ட அடி," என்று பழைய எலக்ட்ரிக் கிடார் தன் விளிம்பிலிருந்த பள்ளத்தைக் காட்டியது.

"பாபநாசத்து லாட்ஜில குளியலறைக் கதவு இடிச்சது," என்றது ஆம்ப்ளிஃபயர். "நானும் அந்த ரூம்லதானே இருந்தேன்."

"உன்னை யாரு கேட்டா? சரி, இந்தக் கருகல்? ஆயிரம் பேர் முன்னால விளக்கு வெடிச்சுத் தெறிச்சது."

"கொசுவர்த்தி."

பக்கத்தில் நின்ற புதுக் கிடாருக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து மூன்று மாதமாகிறது. கிடார் வாசிக்கும் ஜெரால்டு அதைத் தினமும் துடைத்து வைப்பார். கச்சேரிக்கு மட்டும் பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இன்றும் வாசலில் வேன் வந்து நிற்கிறது.

"அண்ணே, மேல ஒரு கீறல்கூட இல்லைன்னுதான் என்னை விட்டுட்டுப் போறாரா?"

"பின்னே? நாப்பது வருஷ அடி தம்பி இது. மேடைக்குன்னு ஒரு களை வேண்டாமா?"

"நம்பாதே," என்றது ஆம்ப்ளிஃபயர். "முதல் கச்சேரிக்கு இவனும் வழவழன்னுதான் வந்தான். பயத்துல சுதி இறங்கிப்போய், பாதிப் பாட்டை நான் இரைஞ்சே சமாளிச்சேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றது பழைய கிடார்.

ஜெரால்டு உள்ளே வந்தார். பழையதை ஒரு தட்டு தட்டி, "பெரியவரே, இன்னிக்கு நீர் ஓய்வெடும்," என்று சொல்லிவிட்டுப் புதியதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

முதல் பாட்டுக்கே கூட்டம் விசிலடித்தது. புதுக் கிடார் ஆறு தந்தியும் துள்ளப் பாடியது. இரண்டாவது பாட்டின் நடுவில், தொங்கிய வாரிலேயே மெல்ல நகர்ந்து, ஜெரால்டின் பெல்ட் கொக்கியில் முதுகை ஒரு தரம் அழுத்தி உரசிக்கொண்டது.