அளவெடுக்காத கை

“வெளியிலேர்ந்து பார்த்தா இப்படியே இருக்கணும்க்கா. ஆனா பிடிச்சா என் கைக்கு அடங்கணும்.”

பட்டறைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மரம் என்ன ரப்பரா தம்பி, இழுத்த இழுப்புக்கு வர்றதுக்கு?”

அவன் கத்தியை மேசைமேல் வைத்தான். பழைய கார்பன் ஸ்டீல் கத்தி. வருஷக் கணக்காக நறுக்கி நறுக்கி அலகு கறுத்திருந்தது, ஆனால் ஒரு பொட்டுத் துரு கிடையாது. அதற்கு ஆறு நாளைக்கு முன்னால்தான் புதுக் கைப்பிடி போட்டிருந்தது. சின்னதாக, ஒல்லியாக, பளபளவென்று.

“அட, நான் போட்ட பிடியாச்சே! ஒரு வயசான அம்மா கொண்டுவந்தாங்க. பழசு விரிசல் விட்டுடுச்சு, பொண்ணுக்குக் கல்யாண நாள் பரிசா புதுசு போட்டுத் தரணும்னாங்க.”

“என் மாமியார்.”

“‘பொண்ணு கையும் என் கை மாதிரியே சின்னது’ன்னு தன் கையையே அளவு கொடுத்தாங்க. வலது கை கட்டைவிரல் பதியறதுக்குக் குழிகூட செதுக்கினேன். உங்க வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கலியா?”

“அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“அப்புறம் என்ன?”

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். இடது உள்ளங்கையில் காசு அகலத்துக்கு ஒரு கொப்புளம். வலது சுட்டுவிரலில் பிளாஸ்திரி.

“ஓஹோ!” என்றாள் பட்டறைக்காரம்மா. “சமையல் உங்க டிபார்ட்மெண்ட்டா?”

“மெதுவாக்கா!” மாமியார் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதுபோல அவன் குரலைத் தாழ்த்தினான்.

பிறகு மொத்தத்தையும் கொட்டிவிட்டான். கல்யாணமான புதிதில் மாமியார் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தார். ஒரு வாய் சாப்பிட்டதுமே கண் கலங்கிவிட்டது. ‘வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவ, இப்படிச் சமைக்கிறாளே!’ என்று மகளை இழுத்துக் கட்டிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, சமைத்தது யார் என்று சொல்ல இருவருக்குமே நாக்கு எழவில்லை. அன்றைக்கு முழுங்கியதுதான், பத்து வருஷமாகியும் வெளியே வந்தபாடில்லை.

“அவங்க வந்து தங்கறப்பல்லாம் இதே கூத்துதான். ரெண்டு பேரும் சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவோம். நறுக்கறது, வதக்கறது, இறக்கறது எல்லாம் நான். அவ ஸ்டூல்ல உட்கார்ந்து என்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டே, நடுநடுவுல கரண்டியால சட்டியைத் தட்டுவா. வெளிய சத்தம் கேக்கணுமில்ல?”

பட்டறைக்காரம்மா சிரித்த சிரிப்பில் அவள் தோளிலிருந்த மரத்தூள் உதிர்ந்தது.

“நல்ல ஜோடிதான் போங்க!”

அதில் அவனுக்கும் சந்தேகமில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் கழிகிற அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவன் மாமியாரின் வரவை எதிர்பார்ப்பதுண்டு. மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

“இப்ப என்னடான்னா, ‘என் பொண்ணு கைக்குன்னே செஞ்ச பிடி’ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அத்தை காட்டிக்கிட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு வாரம் இருப்பாங்க. பிடியை மாத்தினா மாட்டிக்குவேன். மாத்தலைன்னா என் விரல் தேறாது. பத்து வருஷமா மகளை நினைச்சுப் பூரிச்சவங்கக்கா. உண்மை தெரிஞ்சா உடைஞ்சுபோயிட மாட்டாங்களா?”

“இப்ப எங்க அவங்க?”

“கண் டாக்டர்கிட்ட. அவதான் கூட்டிட்டுப் போயிருக்கா. ரெண்டு மணி நேரத்துக்குள்ள கத்தி வீட்டுல இருக்கணும்.”

பட்டறைக்காரம்மா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதைச் செதுக்கினா இன்னும் ஒல்லியாகும். மேல மரத்தை ஒட்டினா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்.”

“அப்ப வழியே இல்லியா?”

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு மரத்துண்டுகள். அதே மரம், அதே நிறம், அதே மெருகு. ஆணி இறக்கத் துளைகூடப் போட்டாகியிருந்தது. ஆனால் இது அகலம், நல்ல கனம்.

“சேர்த்துப் பிடிச்சுப் பாருங்க.”

இடது கையில் பிடித்தான். கட்டைவிரல் தானாகப் போய்க் குழியில் உட்கார்ந்தது. பழகிய ஆள் கைகுலுக்குவதுபோல இருந்தது.

“எப்படிக்கா? என் கையை நீங்க அளவே எடுக்கலியே!”

“உங்க பழைய பிடியே அளவு கொடுத்துடுச்சு. பத்து வருஷமா விரல் அழுந்தின இடமெல்லாம் பள்ளமா தேஞ்சிருந்துச்சு. பெரிய கை, அதுவும் இடது கை.”

“அதைப் பார்த்து நீங்களாவே செஞ்சு வெச்சுட்டீங்களா?”

“நான் எங்க பார்த்தேன்? உங்க மாமியார்தான் காட்டினாங்க. ‘இது என் பொண்ணு கையில்ல, கத்தியை ஈரம் போகத் துடைச்சு வைக்கிற ஆளும் அவ இல்ல. முதல்ல சின்னப் பிடியைப் போடுங்க. விரல்ல கட்டோட மாப்பிள்ளை தானா வருவார், அப்ப பெருசை மாட்டிக் கொடுங்க’ன்னாங்க.”

மரத்துண்டுகளை இறுகப் பிடித்தபடி நின்றவனைப் பார்த்து, பட்டறைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க தம்பி. ‘இனிமேலாவது கதவைத் திறந்து வெச்சுச் சமைக்கச் சொல்லுங்க. பாவம், உள்ள ரெண்டு பேருக்கும் புழுங்கும்.’”